கூரைக்கடன்

(திருவண்ணாமலையில், மாசி மாதம் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கூட்டத்தில் தலபுராணம்பற்றிப் பேசுமாறு காரியதரிசியவர்கள் எம்மைப் பணித்தார்கள். யாமோ கூரையைப்பற்றிப் பேச விடைவேண்டினோம். பண்டிதருக்குக் கூரையில் என்ன வேலை என்று அவர்கள் நகைத்தார்கள். காரணத்தைக் கேட்டபின் நகைக்கவில்லை. ஆதலின் அக்காரணத்தையே அவையோர்க்கும் முதற்கண் கூறிவிடுகிறோம்.

எம் வகுப்பில் மாணாக்கன் ஒருவன் உளன். மழைக்காலத்தில் அவனைப்போல் ஊன்றிப் பாடங்கேட்பார் வேறிலர். சென்ற ஆண்டு பங்குனி பிறந்தது முதல் அவன் காலை முதற்பாடவேளையிலேயே உறங்கத் தலைப்பட்டான். இருமுறை கடிந்தோம். மூன்றாம்முறை வெளியே நிறுத்தினோம். அதனை நினைக்க இன்று நாணமாக இருக்கிறது. பின்னொரு சனிக்கிழமை பிற்பகல் நான்கு மணியளவில் அவன் இருக்குமிடந் தேடிச் சென்றோம். பெரிய கோயில் மதிலிலிருந்து நடந்துபோகுந் தொலைவில், ஒரே வரிசையாய்க் கட்டிய ஐந்து அறைகள், அறைக்கொரு குடும்பம், ஐந்துக்கும் மேலே ஒரே நீளமாய்ச் சிமெண்டுத் தகடு. அடுப்பு மூட்டாமலே அவ்வறை அடுப்பங்கரை போல் இருந்தது. தகட்டின் அடிப்புறத்தில் உள்ளங்கையை வைத்தோம். பத்து எண்ணும்வரை வைத்திருக்க இயலவில்லை. இரவில் தகடு விரைவில் ஆறிவிடினும், பகலெல்லாம் வெந்த சுவர்கள் நள்ளிரவுவரை ஆறுவதில்லை என்றும், குழந்தைகள் இரண்டு மணிக்கு மேல்தான் கண்ணயர்கின்றனர் என்றும் அவன் தாயார் சொன்னார். அந்த அம்மையார் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பூக்கட்டப் போகிறவர்.

வாடகை எவ்வளவு என்று கேட்டோம். வாடகையைச் சொல்லுமுன் அவர் மின்சாரக் கணக்கைச் சொன்னார். அதுவே அவருக்குப் பெரிய பாரம். உரிமையாளர் யூனிட் ஒன்றுக்கு ஒன்பது ரூபாய் வாங்குகிறார். 2016-ஆம் ஆண்டு முதல் வீடுகட்கு இருமாதத்திற்கு முதல் 100 யூனிட் கட்டணமின்றி என அரசாங்கம் வகுத்ததை நாம் அனைவரும் அறிவோம். ஐந்து குடும்பத்திற்கும் மின்னிணைப்பு ஒன்றே ஆதலால், அந்நூறு யூனிட்டும் இணைப்புக்கு உரியவரோடு நின்றுவிடுகிறது. உரிமையாளர் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. ஐவரும் ஓரிணைப்பில் எரித்தால் கட்டணம் மேற்படிகளுக்கு ஏறிவிடும். மேற்படியின் விலையை அவர் கைப்பொறுப்பாய்ச் செலுத்த வேண்டும். ஆயினும் கணக்கின் முடிவில் நிகழ்வது யாதெனின், குளிர்ந்த வீட்டில் இருப்பவன் மலிவாய்ப் பெறும் மின்சாரத்தை, வெந்த வீட்டில் இருப்பவன் விலைமிகக் கொடுத்து, அதுவும் மிகுதியாய் வாங்குகிறான்.

இங்கே சொல்லைப்பற்றிச் சிறிது பேச அவையோர் பொறுத்தருள வேண்டும். பண்டிதனுக்கு அது வழக்கம். புல்லும் ஓலையும் பரப்பிக் கூரை அமைப்பதை வேய்தல் என்றனர் நம் முன்னோர். தலையிற் பூச்சூடுதற்கும் அச்சொல்லையே வழங்கினர். குளிர்நாட்டார் அன்பைச் சூட்டோடு சேர்த்துப் பேசுவர். நம்மவரோ அருளுக்குத் தண்ணளி என்று பெயரிட்டனர். அரசன் காவலைக் குடைநிழல் என்றனர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில், அரண்மனை வகுப்போர் ஞாயிற்றின் நிழல் கொண்டு திசையறிந்து நூலிடுகின்றனர். வெயில் எப்பக்கம் விழும் என்று அறிந்த பின்னரே சுவர் எழுப்பிய மரபு நம்முடையது. இன்று வீடு கட்டுவோர் முதலில் கேட்பது தகடு என்ன விலை என்பதே.

அவர்களைக் குறைகூறப் புகுந்தோமல்லோம். கீற்றுக்கூரை குளிர்ச்சி தரும், ஆனால் ஆண்டுக்கொருமுறை, தவறின் இரண்டாண்டுக்கொருமுறை வேயவேண்டும், நெருப்புக்கு எளிது. ஓட்டுக்கூரைக்கு மரம் வேண்டும். மரத்தின் விலை நாம் அறிந்ததே. தேக்குக்கட்டைகளின்மேல் செங்கல்லைச் செங்குத்தாய் அடுக்கி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்த சுண்ணாம்பால் இறுக்கிய பழைய மச்சு, பகலில் வெப்பத்தை எளிதில் உட்புகவிடாது. அதனைக் கட்டத்தெரிந்த கொத்தரைத் தேடிப் பிடிப்பதே அரிதாயிற்று. ஆதலின் எஞ்சியவை இரண்டு: தகடும் கான்கிரீட்டுத் தளமும். தகடு பகலில் சுடும். தளமோ பகலில் கொண்ட வெப்பத்தை வட்டியோடு இரவில் திருப்பிக் கொடுக்கும். தளத்தின்மேல் செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் கலந்து இட்டுத் தட்டோடு பதிப்பது அவ்வெப்பத்தைத் தடுக்கவே. பணம் முட்டும்பொழுது முதலில் கைவிடப்படுவதும் அதுவே.

பரிகாரங்கள் பலவாயினும் எளியது ஒன்று. கூரையின் மேற்புறத்தை வெண்மையாக்கினால் அது வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பியனுப்பிவிடுகிறது. உட்புற வெப்பம் இரண்டு டிகிரி முதல் ஐந்து டிகிரிவரை குறைவதாய் அளந்து கண்டவர் கூறுகின்றனர். இரண்டு டிகிரிதானே என்று எண்ணுவோர் கத்திரிவெயிலில் ஓர் இரவு அவ்வறையில் படுத்துப் பார்க்கலாம். கான்கிரீட்டுத் தளத்திற்குச் சுண்ணாம்பே போதும்; மழையில் கரைந்துபோம் ஆதலால் ஆண்டுதோறும் பூசவேண்டும். இரும்புத்தகட்டில் சுண்ணாம்பு நிலைத்து நில்லாது. அதற்கென விற்கும் வெண்சாயமே தகும். பழைய கல்நார்த்தகட்டை ஒருபொழுதும் உலர்ந்தபடி சுரண்டலாகாது. அதன் துகள் நுரையீரலுக்கு நஞ்சு. நனைத்துத் துடைத்தே பூசவேண்டும். அகமதாபாத் நகரம் 2013-இல் வெப்பத்தை எதிர்கொள்ளும் திட்டமொன்றை வகுத்து, 2017 முதல் எளியோர் கூரைகட்கு வெள்ளை பூசுவித்தது. தெலங்கானா அரசாங்கம் 2023-இல் குளிர்கூரைக்கெனத் தனிக்கொள்கையே வெளியிட்டது. நம் மாநிலம் 2024-இல் வெப்ப அலையைப் பேரிடர் என அறிவித்தது.

இனி மின்விசிறியின் கணக்கு. பழைய வகை விசிறி ஏறத்தாழ 75 வாட் தின்னும். புதுவகை விசிறி 30 வாட்டோடு அமையும். கோடையில் நாளொன்றுக்கு இருபது மணிநேரம் சுழன்றால் பழையதற்கு ஒன்றரை யூனிட். புதியதற்கு யூனிட்டில் பத்தில் ஆறு பங்கு. மிச்சம் நாளொன்றுக்குப் பத்தில் ஒன்பது பங்கு. மாதத்திற்கு 27 யூனிட். ஒன்பது ரூபாய் வீதம் 243 ரூபாய். அவ்விசிறியின் விலை ஏறத்தாழ 3,000 ரூபாய். கார்காலத்தில் மிச்சம் பாதியாகக் குறையும் என்றாலும் ஒன்றரை ஆண்டிற்குள் விசிறி தன் விலையைத் தானே கொடுத்துவிடும். அங்ஙனமாயின் அந்த அம்மையார் ஏன் வாங்கவில்லை? 3,000 ரூபாய் ஒருசேரக் கையில் இல்லை என்பதே விடை. கடனாய் வாங்கலாம் என்றால் அவருக்குக் கிடைப்பது தண்டல். 9,000 ரூபாயைக் கொடுத்து நாளொன்றுக்கு நூறு ரூபாயாக நூறு நாள் வாங்குவர். மூலதனம் நாள்தோறும் குறைவதைக் கருதிப் பார்த்தால் ஆண்டுக்கு நூற்றுக்கு எண்பது வட்டி ஆகிறது. மிகைவட்டியைத் தடுக்க 2003-இல் சட்டம் பிறந்தது. தண்டற்காரரின் வண்டி இன்றும் தெருவில் வருகிறது.

அரசாங்கம் ஒன்றுஞ் செய்யவில்லையோ எனின், செய்ததைச் சொல்லாது விடுதல் அறமாகாது. 1970-இல் குடிசைமாற்று வாரியம் தோன்றியது. 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் பெற்றது. 1977-இல் உலகபாங்கியின் கடனுதவிகொண்டு சென்னையில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனையும் குழாயும் கழிவறையும் மட்டும் அமைத்துக்கொடுத்து, வீட்டை அவரவர் கைப்பொருள் இயன்றபோது கட்டிக்கொள்ளவிட்ட திட்டம் தொடங்கியது. எளியவன் வீட்டை ஒரே மூச்சில் கட்டுவதில்லை, அறையறையாகக் கட்டுகிறான் என்பதை உணர்ந்த திட்டம் அது. எம் கருத்தில் பின்வந்த அடுக்குமாடிகள் பலவற்றினும் மேலானது. 2011-இல் நம் மாநிலத்துப் பசுமைவீடு வந்தது: 300 சதுர அடி, மொத்தம் ரூபாய் 1,80,000, அதில் 30,000 சூரியவொளி விளக்குகட்கு. ஆனால் அது கிராமங்களுக்கு உரியது; நகரத்து ஏழை அதன் எல்லைக்குப் புறம்பானான். 2015-இல் மத்திய அரசாங்கம் நகரத்தார்க்கெனப் பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தைத் தொடங்கி, பாங்கிக்கடனுக்கு வட்டிச்சலுகையும் தந்தது. அச்சலுகை 2022 மார்ச்சு மாதத்தோடு நின்றது. 2024 செப்டம்பரில் தொடங்கிய அதன் இரண்டாம் பகுதியில், சொந்த மனையில் கட்டுவோர்க்கு மத்திய அரசாங்கம் 1,50,000 ரூபாயும் மாநிலம் குறைந்தது ஓரிலட்சமும் தருவதென வகுத்தனர். பாங்கிக்கடன் வாங்குவோர்க்கு முதல் எட்டிலட்சத்தின்மேல் நூற்றுக்கு நான்கு வட்டிச்சலுகை. அவ்வாண்டிலேயே கூரைமேற் சூரியமின் தகடு அமைப்போர்க்கு 78,000 ரூபாய்வரை உதவியும் வந்தது.

இவையெல்லாம் நல்லனவே. இவற்றினூடே ஓடும் சொல் ஒன்று உண்டு, அது பட்டா. சொந்த மனையில்லையேல் மானியமில்லை. பட்டா இல்லையேல் பாங்கியின் படியேற வழியில்லை. சொந்தத் தளமில்லையேல் சூரியமின் தகடில்லை. ஆற்றலைச் சிக்கனமாய்ச் செலவிடும் வீடுகட்கு இலக்கணமாக மத்திய அரசாங்கம் 2018-இல் வெளியிட்ட கட்டட விதிநூல், 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளில் எழும் கட்டடங்களை நோக்கி எழுதப்பட்டது. 500 சதுர மீட்டர் என்பது இரண்டு கிரவுண்டுக்கும் மேல்! எம் மாணாக்கனுடைய வீடு அந்நூலின் ஓரத்துக் குறிப்பிலும் இடம்பெறாது.

நம் ஊரில் இந்நிலை கடுமையாவதற்குக் காரணம் யாவரும் அறிந்ததே. 2024-இல் மாநகராட்சியாயிற்று, பௌர்ணமிதோறும் பதினான்கு கிலோமீட்டர்ப் பாதையில் ஜனவெள்ளம், கிரிவலப்பாதையை ஒட்டிய நிலம் விடுதிக்காரருக்கே எட்டும் விலையாயிற்று. ஏழைகள் நகர்ந்து நகர்ந்து மலையடிவாரத்துச் சரிவில் ஏறினர். 2024 டிசம்பர் முதல் தேதி, ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் அச்சரிவு இடிந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின்மேல் விழுந்தது. ஏழுபேர் மாண்டனர், அவர்களுள் ஐவர் குழந்தைகள். அன்று இரவு முழுதும் ஊர் விழித்திருந்ததை இவ்வவையில் மறந்தவர் இலர். அவ்விடத்தில் ஏன் குடியிருந்தனர் என்று பின்னர் பலர் கேட்டனர். அவர்களுக்கு வேறிடத்தில் மனைவாங்கக் கடன்கொடுப்பார் யார் இருந்தனர் என்று கேட்டவர் சிலரே. சரிவிலுள்ள வீட்டுக் கூரைக்கு வெள்ளைபூச யாம் சொல்லவில்லை. அவர்கள் பத்திரமான இடத்திற்கு வரவேண்டியவர்கள். அது சர்க்காரின் கையிலுள்ள பெரிய காரியம். நம் கையில் அடங்கும் சிறிய காரியத்தையே இன்று பேசுகிறோம்.

பட்டா இன்றியும் கடன்கொடுத்தவர் உளர். அகமதாபாத்தில் உழைக்கும் பெண்கள் 1974-இல் தமக்கெனச் சேவா பாங்கியை நிறுவினர். காய்கறி விற்போரும் பீடி சுற்றுவோரும் அதன் உறுப்பினர். அவர்தம் சேமிப்புப் புத்தகமே அவர்க்குப் பிணை. வாங்கிய கடனில் கணிசமான பங்கு கூரைமாற்றவும் சுவரெழுப்பவுமே சென்றது. 1990-களில் அந்நகரசபை சேரிகளில் குழாயும் வடிகாலும் அமைத்தபோது, ஒவ்வொரு குடும்பமும் 2,000 ரூபாய் பங்களித்தது. அப்பங்கைச் சேவா பாங்கி கடனாய்த் தந்தது. நகரசபையோ பத்தாண்டுகளுக்கு வெளியேற்றுவதில்லை என வாக்களித்தது. அவ்வாக்கு ஒன்றே பட்டாவின் வேலையைப் பாதி செய்துவிட்டது. மெக்சிகோ தேசத்தில் தொழிலாளர் வீட்டுநிதி நிலையமாகிய இன்ஃபோனாவித், 2007-இல் பசுமை ஈட்டுக்கடன் என்றொரு முறையைத் தொடங்கியது. வீட்டுக்கடனோடு சிறுதொகையைக் கூட்டித்தந்து, சூரியவெப்பத்தால் நீர் காய்ச்சும் கருவி, சிக்கன விளக்கு, கூரைக்காப்பு முதலியன வாங்கச் செய்தனர். குறைந்த மின்கட்டணமே அக்கூடுதற்கடனை அடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. யாம் முன்னே சொன்ன மின்விசிறிக் கணக்கும் அதுவே.

இத்தகைய காரியம் நம் நாட்டுச் சமூகங்களுக்குப் புதிதன்று. மயிலாப்பூர் இந்து பெர்மனெண்ட் பண்டு 1872-இல் தோன்றி அங்கத்தினர்க்குள்ளேயே சேமித்து அங்கத்தினர்க்கே கடன் கொடுத்தது. நாடார் பெருமக்கள் மகமை என்னும் பேரால் வியாபாரத்தில் சிறுதுளியாய்ச் சேர்த்துப் பள்ளிகள் கண்டனர். அச்சமூகத்தார் 1921-இல் தூத்துக்குடியில் நாடார் பாங்கியை நிறுவினர். 1962-இல் தமிழ்நாடு மெர்க்கண்டைல் பாங்கி எனப் பெயர்மாறி அஃது இன்று எல்லார்க்கும் உரிய பாங்கியாய் விளங்குகிறது.

நம் சங்கத்தில் நிதி இல்லையோ? உண்டு. தீபத்திற்கு வருவோர் தங்க முன்னோர் கட்டிய சத்திரத்தின் மேல்மாடியில் குளிர்சாதன அறைகள் அமைக்கவென்று மூன்றாண்டுகளாய்த் திரட்டிய தொகை பாங்கியில் கிடக்கிறது. அதிலிருந்து பத்திலட்சத்தைக் கூரைக்கடனுக்கு ஒதுக்கவேண்டும் என்பதே இன்று யாம் அவைமுன் வைக்கும் விண்ணப்பம். வீட்டுக்கு 20,000 ரூபாய் உச்சவரம்பு. கூரைப்பூச்சு, தட்டோடு, கீழ்த்தட்டி, ஜன்னல், விசிறி இவற்றுக்கு மட்டும். மாதம் 500 வீதம் நாற்பது மாதத் தவணை, வட்டியில்லை. முதலில் ஐம்பது வீடுகள். மாதந்தோறும் 25,000 திரும்பிவரும், ஓராண்டில் மூன்றிலட்சம், அதனைக்கொண்டு மேலும் பதினைந்து வீடுகள். சிலர் தவறுவர். தவறுவோர்க்கென்று பத்தில் ஒரு பங்கை இழக்கத் துணிந்தே இறங்கவேண்டும் என்பது எம் எண்ணம். பொருளாளரவர்கள் இதனைக் கேட்டு முகஞ்சுளிப்பதை இங்கிருந்தே காண்கிறோம். அவர்கள் கேட்ட மற்றொரு கேள்வி மிக நியாயமானது: சங்கம் கடன் கொடுக்கலாமா? வைப்புத்தொகை வாங்கினால் சட்டம் குறுக்கே நிற்கும். ஆதலின் 1983-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப்படி சிக்கனநாணயச் சங்கமாய்ப் பதிவுசெய்து அதன் வாயிலாய் நடத்துவதே நேர்வழி. அதற்கு ஓராண்டு பிடிக்கலாம். பொருளைக் கடனாகக் கொடாமல் சங்கமே கூரைப்பூச்சை உதவியாகச் செய்துகொடுக்க எத்தடையும் இல்லை. இவ்வாண்டு அதிலிருந்து தொடங்கலாம்.

இனிச் சொல்வது சிலர்க்குக் கசக்கும். எம் மாணாக்கனுடைய வரிசையில் ஐந்து குடும்பங்களில் நம்மவர் இரண்டே. மேலேயுள்ள தகடோ ஐந்துக்கும் ஒன்று. நம்மவர் தலைக்குமேல் மட்டும் வெள்ளைபூசி நிறுத்துவதெங்ஙனம்? சங்கப்பணம் சங்கத்தார்க்கே என்ற விதியை யாம் அறிவோம். அவ்விதியை எழுதியவருள் எம் பாட்டனாரும் ஒருவர். ஆயினும் கூரைக்கடனில் வரிசை முழுவதையும் ஒரு வீடாகக் கொள்ளவேண்டும் என்று வேண்டுகிறோம். கடனும் வரிசையின் பொறுப்பாகவே இருக்கட்டும்; ஐவரும் ஒருவர்க்கொருவர் பிணை நிற்கட்டும்.

மற்றொன்று அதனினும் கசப்பு. அத்தகைய வரிசைவீடுகளின் உரிமையாளர் யாவர்? நம் சங்கத்தாரும் உளர், இவ்வவையிலும் இருக்கக்கூடும். பெயர் சொல்ல வந்தோமல்லோம். கூரை குளிர்ந்ததும் வாடகையை உயர்த்தினால் நாம் கொடுத்த கடன் குடியிருப்போன் தோளில் ஏறி உரிமையாளர் பெட்டியில் இறங்கும். ஆகையால் பூச்சுக்கு முன் ஒரு தாளில் மூன்று வரிகள் எழுதிக் கையொப்பமிட வேண்டும்: மூன்றாண்டுக்கு வாடகை ஏறாது, மூன்றாண்டுக்கு வெளியேற்றமில்லை, மின்சாரத்திற்கு மின்வாரியச் சீட்டிற் கண்ட தொகையைக் குடும்பங்கள் பங்கிட்டுக் கொடுப்பதன்றி மேல்வாங்குவதில்லை. கையொப்பமிடும் உரிமையாளருக்குத் தன் கட்டடத்தின் ஆயுள் நீளும் இலாபம் போதும். குடும்பத்திற்கொரு மீட்டர் வாங்கித்தர முன்வருவோர்க்கு அச்செலவையும் கூரைக்கடனிற் சேர்த்துக் கொடுக்கலாம்.

புதிதாய் மனைபெற்றுக் கட்டுவோர்க்கு ஒருவார்த்தை. திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த லாரி பேக்கர் என்னும் சிற்பி, செங்கல்லைப் படுக்கவையாது விளிம்பில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் முறையைப் பரப்பினார். நான்கிலொரு பங்கு செங்கல் மிச்சம். இடையிலுள்ள காற்று வெப்பத்தைத் தடுக்கும். கான்கிரீட்டுத்தளத்தின் அடிப்பாகத்தில் மங்களூர் ஓடுகளைப் பொதிந்து வார்ப்பதும் அவர் காட்டிய வழியே. மானியத்தொகை போதவில்லை என்று வருந்துவோர் இவற்றை ஒரு பொறியாளரிடம் கேட்டறிந்து தொடங்குக.

குளிர்சாதன அறைகள் வேண்டாவென்று யாம் சொல்லவில்லை. ஈராண்டு பொறுக்கலாம். சத்திரத்து மொட்டைமாடியே நண்பகலில் கால்வைக்கவொண்ணாதபடி கொதிக்கிறது. அதன் கீழுள்ள கூடத்தில் தீபத்திற்கு வரும் ஏழைகள் படுக்கின்றனர். ஆதலின் அதனையே முதற்சோதனையாகக் கொள்ளலாம் என்று காரியதரிசியவர்களும் இசைந்துள்ளார்கள். வருகிற ஞாயிறு காலை ஐந்தரைமணிக்கு, வெயில் ஏறுமுன், பூச்சு தொடங்கும். சுண்ணாம்பு முந்தின நாளே தாளித்து வைக்கப்படும். ஏணி சத்திரத்தில் உண்டு; மட்டைகளும் வாளிகளும் குறைவு, வீட்டிலிருந்து கொணர்க. எம் வகுப்பு மாணாக்கர் எண்மர் வருவதாகச் சொல்லியிருக்கின்றனர், அவனும் வருகிறான். தம் தெருவிலுள்ள தகட்டுக்கூரை வரிசைகளின் விவரத்தை எழுதிக்கொடுக்க விரும்புவோர் அன்றே எம்மிடம் கொடுக்கலாம். பங்குனி பிறக்க இன்னும் பதினொரு நாள்களே உள்ளன.